"நீங்கள் அனுப்பியது இதுதான்": உறுதிப் பக்கத்தில் படிவத் தகவலைக் காட்டுவது எப்படி?

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, எழுத்தாளர் சந்திப்பு என்று வார இறுதி தவறாமல் ஏதாவது நடக்கும். பலவற்றுக்கும் இணையத்தில் பதிவுப் படிவம் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் கதைப் போட்டி ஒன்றுக்கு அப்படி ஒரு படிவம் செய்து கொடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் "நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது" என்று ஒரே ஒரு வரி வரும்படி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஈசூனிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, பேத்திக்குப் பேரு குடுத்திருக்கேன். அவ பேர்ல 'ழ' சரியா விழுந்துச்சான்னு தெரியல. தொடக்கநிலை மூணுன்னு அழுத்துனேனா நாலுன்னு அழுத்துனேனான்னும் சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"பாத்துட்டேம்மா. யாழினி, தொடக்கநிலை நாலு. சரியா இருக்கு."

"அப்ப ரெண்டாவது தடவை போட்டதை எடுத்துடுங்க தம்பி. வந்துச்சா வரலையான்னு தெரியாம மறுபடியும் போட்டுட்டேன்."

அவர் கேட்டது முழுக்க நியாயம். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய் "ரெண்டு தோசை, ஒரு ரவா, ஒரு தே தாரிக்" என்றால், பரிமாறுபவர் அதைத் திருப்பிச் சொல்வார். நாம் தலையாட்டிய பிறகுதான் உள்ளே குரல் கொடுப்பார். படிவம் நிரப்பியவருக்கும் யாராவது அப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உறுதிப் பக்கம். முதன்முதலாகப் படிவம் செய்யப் போகிறவர்களுக்காக, அந்தப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். நிரல் மொழி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். எனக்குப் பழக்கமானது பிஎச்பி என்பதால் அங்கங்கே அதைத் தொட்டுக்கொள்கிறேன்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் லேபிள்: "பிள்ளையின் முழுப்பெயர்". மற்றது நிரலுக்குள் நாம் வைக்கும் பெயர். அழுத்திய நொடியில் பிரவுசர் லேபிளைப் பார்ப்பதே இல்லை. உள்பெயரையும் அதில் தட்டச்சு செய்யப்பட்டதையும் ஜோடி ஜோடியாகக் கட்டி சர்வருக்கு, அதாவது தளம் இருக்கும் கணினிக்கு, அனுப்புகிறது:

பெயர் = யாழினி
வகுப்பு = 4
வீடு = #08-123
சைவம் = ஆம்

புதியவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழை ஒன்று இங்கேயே இருக்கிறது. உள்பெயர் வைக்க மறந்துவிட்டால் கட்டம் திரையில் இருக்கும், எழுதவும் முடியும், சர்வருக்கு மட்டும் எதுவும் வராது. பிழைச் செய்தியும் கிடைக்காது. உறுதிப் பக்கத்தில் ஒரு தகவல் வெறுமையாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அனுப்பும் வழிகள் இரண்டு. கெட் முறையில் எல்லா ஜோடிகளும் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போகும், போஸ்ட் முறையில் உறைக்குள் போட்ட கடிதம் போல உள்ளே போகும். தேடல் பெட்டிக்கு கெட் போதும். ஒருவருடைய பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி போகும் படிவத்துக்கு போஸ்ட்தான் வேண்டும். முகவரி வாலில் ஒட்டியவை பிரவுசரின் வரலாற்றில் தங்கும், சர்வர் பதிவேட்டிலும் தங்கும். நூலகக் கணினியில் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டுப் போனவரின் வீட்டு எண்ணை அடுத்து வருபவர் பார்க்கும்படி நாம் விட்டுவிடக் கூடாது.

வந்ததைக் காட்டுவதா, சேமித்ததைக் காட்டுவதா?

மிக எளிய உறுதிப் பக்கம் ஒரே கோப்பில் முடிந்துவிடும். படிவத்தைப் பெறும் நிரலே வந்த ஜோடிகளை எடுத்து "பெயர்: யாழினி, வகுப்பு: 4" என்று அச்சிட்டுவிடும். பாடநூல்களும் காணொளிகளும் முதலில் கற்றுத் தருவது இதைத்தான், பழகிப் பார்க்க நல்லதும்கூட. உண்மையான பதிவுக்கு இதை நம்ப வேண்டாம். காரணம் இரண்டு.

ஒன்று, ரிஃப்ரெஷ். போஸ்டுக்குப் பதிலாக வந்த பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் அதே படிவத்தை மறுபடி அனுப்பப் பார்க்கும். "மீண்டும் அனுப்பவா?" என்று ஒரு பெட்டி வரும், பெரும்பாலானோர் "சரி" அழுத்துவார்கள், யாழினி பட்டியலில் இரண்டு முறை ஏறிவிடுவாள்.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்தப் பக்கம் காட்டுவது நமக்கு வந்த தகவலை. பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸில் போய் உட்கார்ந்தது வேறாக இருக்கலாம். பெயருக்கு 30 இடம் தாராளம் என்று ஒதுக்கியிருந்தேன். "முத்துகிருஷ்ணன் த/பெ கோவிந்தசாமி" என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணால் எண்ணினால் 16 எழுத்து, ஒரு சாய்கோடு, இரண்டு இடைவெளி. ஆனால் கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் "மு" என்பது ம, உகரக் குறி என இரண்டு குறியீடுகள். "ன்" என்பதும் இரண்டு. அப்படி எண்ணினால் மொத்தம் 32 வருகிறது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய அமைப்புகள் பலவற்றில் இப்படி நீண்டுபோன பெயர் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு "கோவிந்தசா" என்று நிற்கும். வந்ததை அப்படியே அச்சிடும் பக்கமோ "கோவிந்தசாமி" என்று முழுசாகக் காட்டி, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். சான்றிதழ் அச்சாகி மேடையில் கொடுக்கும்போதுதான் தெரியவரும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: வாங்கு, சரிபார், சேமி, வேறு முகவரிக்கு அனுப்பு, அங்கே டேட்டாபேஸிலிருந்து திரும்பப் படித்துக் காட்டு. நடுவில் உள்ள "வேறு முகவரிக்கு அனுப்பு" என்பதுதான் ரீடைரக்ட். சர்வர் 303 என்ற எண்ணுடன் "உங்கள் வேலை முடிந்தது, இந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கள்" என்று பிரவுசருக்குச் சொல்கிறது. பிரவுசர் சாதாரண கெட் முறையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. இனி பத்து முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் பக்கம்தான் மறுபடி வரும், பதிவு மறுபடி ஏறாது. வெட்டுப்பட்ட பெயரும் வெட்டுப்பட்டபடியே திரையில் தெரியும். பார்ப்பவர் உடனே சொல்லிவிடுவார்.

புதிய பக்கத்துக்கு யாருடைய பதிவைக் காட்டுவது என்று எப்படித் தெரியும்?

சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதல் சந்திப்புதான். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுலி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு நீளமான குறியீட்டை பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது, பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுகிறது. கோயிலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி: டோக்கன் நம் கையில், செருப்பு அவர்களிடம். இந்த ஏற்பாட்டுக்கு செஷன் என்று பெயர். சேமித்தவுடன் பதிவின் எண்ணை செஷனில் போட்டு வைத்தால், உறுதிப் பக்கம் அதை எடுத்து உரிய பதிவைப் படித்துவிடும். முகவரியில் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

நான் முதலில் இப்படிச் செய்யவில்லை. செஷன் எதற்கு என்று, ரீடைரக்ட் முகவரியிலேயே எல்லா விவரத்தையும் நானே கோத்து அனுப்பினேன்:

உறுதி?பெயர்=யாழினி&வீடு=#08-123&தொலைபேசி=+65…

சோதித்தபோது வீட்டு எண்ணும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பெயர் மட்டும் வந்திருந்தது. நிரலில் அரை நாள் தேடினேன். பிழை # குறியில் இருந்தது. இணைய முகவரியில் # வந்துவிட்டால், அதிலிருந்து பின்னால் உள்ள எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. அது பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் குறி. நம்முடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் எண் எல்லாம் # குறியில்தானே தொடங்குகிறது! தொலைபேசியிலும் ஒரு பொறி உண்டு. முகவரி வாலில் + என்பது இடைவெளியாகப் படிக்கப்படும், +65 என்பது வெறும் 65 ஆகிவிடும். படிவத்தை பிரவுசரே கெட் முறையில் அனுப்பும்போது இந்தக் குறிகளை அது பத்திரமாக மாற்றி அனுப்பும். நாமே கையால் கோத்தால் மாற்றும் பொறுப்பும் நம்முடையது. பிஎச்பியில் யூஆர்எல்என்கோட் என்ற செயற்கூறு அதற்காகவே இருக்கிறது. தமிழ் எழுத்துகள் அப்படி மாறும்போது நன்றாக நீளும் என்பதையும் நினைவில் வையுங்கள்: திரையில் 3 எழுத்தாக நிற்கும் "யாழினி" 6 குறியீடு, 18 பைட், முகவரியில் 54 எழுத்து.

பதிவு எண்ணை மட்டும் முகவரியில் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், அது 127, 128 என்று வரிசையாகப் போகும் எண்ணாக இருக்கக் கூடாது. 128 என்பதை 127 என்று மாற்றிப் பார்க்க எந்தத் திறமையும் தேவையில்லை. மாற்றினால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர், பள்ளி, அப்பாவின் தொலைபேசி எண் எல்லாம் திரையில் விரியும். யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட குறியீடாக இருக்கட்டும், அல்லது செஷனிலேயே இருக்கட்டும்.

திரையில் எப்படித் தெரிய வேண்டும்?

சர்வருக்கு வரும் வடிவம் மனிதர் படிக்கும் வடிவம் இல்லை. வகுப்புப் பட்டியலில் "தொடக்கநிலை 4" என்று தேர்ந்தெடுத்தாலும் சர்வருக்கு வருவது நாம் உள்ளே வைத்த மதிப்பு, வெறும் 4. பக்கத்தில் "வகுப்பு: 4" என்று காட்டினால், உயர்நிலை நான்கா தொடக்கநிலை நான்கா என்று பாட்டி மறுபடி அழைப்பார். தேதிக் கட்டம் எந்த வடிவில் கண்ணுக்குத் தெரிந்தாலும், சர்வருக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் வரும். அதை 03/04 என்று மாற்றிக் காட்டாமல் "ஏப்ரல் 3" என்று எழுத்திலேயே எழுதிவிடுங்கள், குழப்பம் வராது. பல வரியில் எழுதிய முகவரி பக்கத்தில் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல் வரி உடைப்பை இடைவெளியாகத்தான் பார்க்கிறது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பாணிக் கோப்பில் (சிஎஸ்எஸ்) ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

சரிக்குறிப் பெட்டி கொஞ்சம் விசித்திரமானது. டிக் செய்தால் "சைவம் = ஆம்" என்று வரும். செய்யாவிட்டால் "இல்லை" என்று வராது, அந்த ஜோடியே வராது. வந்ததை மட்டும் வரிசையாகக் காட்டும் பக்கத்தில் உணவு பற்றிய பேச்சே இருக்காது. டிக் செய்ய மறந்தவருக்கு மறந்தது தெரியாது. ஆகவே வராததையும் காட்ட வேண்டும்: "சைவ உணவு: வேண்டாம்". அதைப் பார்த்ததும் "ஐயோ, வேணுமே" என்று திருத்துவார்கள்.

அஞ்சல் குறியீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1995இலிருந்து 6 இலக்கம். மரினா பே சாண்ட்ஸின் குறியீடு 018956. இதை டேட்டாபேஸில் எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் விழுந்து 18956 ஆகிவிடும். ஈசூன் 76, உட்லண்ட்ஸ் 73, தெம்பனிஸ் 52 என்று தொடங்குவதால் பல நாள் யாருக்கும் தெரியாது. தஞ்சோங் பகார் பக்கம் 08இல் தொடங்கும் முகவரிக்காரர் ஒருவர் பதிவு செய்யும் அன்றுதான் தெரியும். கூட்டிக் கழிக்கப் போகாத எதையும் எழுத்தாகவே சேமியுங்கள்: அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், பதிவு எண் எல்லாமே.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு மனத்தில் தைத்த விஷயம் அது. "முதற்பெயர்", "குடும்பப் பெயர்" என்று இரண்டு கட்டம் வைத்துவிட்டு, உறுதிப் பக்கத்தில் "வணக்கம் திரு கோவிந்தசாமி" என்று வரவேற்றால், அங்கே கூப்பிடப்படுவது அப்பா. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ என்று சாய்கோட்டோடு இருக்கிறது. சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் "தவறான எழுத்து" என்று தள்ளிவிடுகின்றன. சொந்தப் பெயரையே தவறு என்று ஓர் இயந்திரம் சொன்னால் யாருக்கும் வலிக்கும். ஒரே கட்டம் வையுங்கள், "முழுப்பெயர்" என்று. எழுதியதை எழுதியபடி வாங்குங்கள், அதே வடிவில் காட்டுங்கள்.

எழுதியதை எழுத்தாகவே காட்டுவது

தள்ளாமல் எல்லாக் குறிகளையும் வாங்கினால் ஆபத்து இல்லையா? இருக்கிறது. ஆனால் அதைத் தடுக்க வேண்டிய இடம் வாசல் இல்லை, காட்டும் இடம்.

பக்கம் என்பது எச்டிஎம்எல். அதில் கோண அடைப்புக்குள் வருவதை பிரவுசர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பெயர்க் கட்டத்தில் ஒருவர் பெயருக்குப் பதில் கோண அடைப்போடு ஒரு ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) எழுதி அனுப்பினால், அதை அப்படியே பக்கத்தில் அச்சிடும் நிரல் அந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிடும். அனுப்பியவர் திரையில் மட்டும் ஓடினால் பரவாயில்லை. அதே பெயர் ஏற்பாட்டாளரின் பட்டியல் பக்கத்திலும் தெரியும். அவர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே இருக்கும்போது அந்த ஸ்கிரிப்ட் அவர் அதிகாரத்தில் ஓடும். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தன் சுயவிவரப் பக்கத்தில் இப்படி ஒரு ஸ்கிரிப்டை நுழைத்தார். ஒரு நாளுக்குள் 1 மில்லியனுக்கும் மேற்பட்டோரின் பக்கங்களில் அது பரவிவிட்டது.

தீர்வு எளிது. அச்சிடும் முன் கோண அடைப்பு, மேற்கோள் குறி, ஆம்பர்சாண்ட் (& குறி) ஆகியவற்றை அவற்றின் பாதுகாப்பான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். திறக்கும் கோண அடைப்பு என்றால் ஆம்பர்சாண்ட், எல், டி, அரைப்புள்ளி. பிரவுசர் அதைப் பார்த்துக் கோண அடைப்பின் படத்தை மட்டும் வரையும், கட்டளையாக நினைக்காது. இதை எஸ்கேப் செய்வது என்பார்கள். பிஎச்பியில் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் இதைச் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அது ஒற்றை மேற்கோளை வழக்கமாக மாற்றாது. "திருத்து" படிவத்தில் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் டி'சூசா என்பவர் "டி" என்று நின்றுவிடுவார். லாராவெல், ஜாங்கோ போன்ற கட்டமைப்புகளின் டெம்ப்ளேட்டில் இரட்டை நெளி அடைப்புக்குள் எழுதினாலே எஸ்கேப் ஆகிவிடும். அதை அணைத்துவிட்டு எழுதும் வழியும் உண்டு. காரணம் தெரியாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சேமிக்கும்போதே எஸ்கேப் செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்தால், காட்டும்போது இரண்டாம் முறை மாறி, பெயருக்கு நடுவில் ஆம்பர்சாண்டும் அரைப்புள்ளியும் பல்லிளிக்கும். மின்னஞ்சலிலும் சான்றிதழிலும் அதே கோலம் வரும். அசலைச் சேமியுங்கள், காட்டும் நொடியில் மாற்றுங்கள். தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் அது வேறு நோய். படிவப் பக்கம், டேட்டாபேஸ், இரண்டுக்கும் இடையிலான இணைப்பு மூன்றும் யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மறந்துபோவது அந்த இணைப்பு.

எதைக் காட்ட வேண்டாம்?

கடவுச்சொல், வங்கி அட்டை எண் இரண்டையும் திருப்பிக் காட்டவே கூடாது. அடையாள அட்டை எண்ணோ, கேட்கவே கூடாத வகை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. அதன் கீழ் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவை போன்ற சில சூழல்கள் தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. கதைப் போட்டிக்கு அது எதற்கு? தொலைபேசி எண்ணை முழுசாகவே காட்டலாம் என்பது என் கருத்து. 8 இலக்கத்தில் ஒன்று தவறினாலும் நாம் அழைக்க முடியாது, நான்கு இலக்கத்தை மறைத்துவிட்டால் தவறு கண்ணில் படாது. பொதுக் கணினியில் பின்பொத்தானை அழுத்தி அடுத்தவர் பார்த்துவிடாமல் இருக்க, இந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரவுசருக்குச் சொல்லும் நோ-ஸ்டோர் தலைப்பை அனுப்பிவிடுங்கள்.

படிவம் தயாரானதும் நீங்களே நிரப்பிப் பாருங்கள். பெயரில் ஒரு சாய்கோடும் ஒற்றை மேற்கோளும் இருக்கட்டும், வீட்டு எண் #08-123, அஞ்சல் குறியீடு 018956, சைவப் பெட்டியில் டிக் வேண்டாம். அனுப்பியபின் ரிஃப்ரெஷ் செய்யுங்கள். உறுதிப் பக்கத்தையும் டேட்டாபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

என் பக்கத்தின் தலைப்பு இப்போது "நீங்கள் அனுப்பியது இதுதான்". கீழே பதிவு எண், பெயர், "தொடக்கநிலை 4", உணவு, தொலைபேசி. அதற்கும் கீழே: "ஏதாவது தவறாக இருந்தால் ஏப்ரல் 3 வரை இங்கே திருத்தலாம்."

அடுத்த ஆண்டு ஈசூன் அம்மா மறுபடியும் அழைத்தார்.

"தம்பி, எல்லாம் சரியா காட்டுது, பாத்துட்டேன். எந்த எம்ஆர்டில எறங்கணும்னுதான் எங்கயும் போடல."

அன்று மாலையே சேர்த்துவிட்டேன்: இடம், நேரம், பக்கத்து எம்ஆர்டி நிலையம், எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பது.